டிடி தமிழ் எந்த நம்பரில் வருகிறது? கேபிள்காரரிடம் கேளுங்கள்

தென்காசிப் பக்கம் 22 வருடம் கேபிள் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவன் நான். இப்போது லைன் என் தம்பி கையில் இருக்கிறது. டிடி என்கிற தூர்தர்ஷனைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

தேனியிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, அம்மாவுக்கு 78 வயது. பொதிகை சேனல் மட்டும்தான் பார்ப்பார். புது பாக்ஸ் மாற்றியதிலிருந்து அது காணவில்லை. எந்த நம்பர்?

தங்கச்சி, முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 19 அன்று பொதிகை புதுப்பிக்கப்பட்டு 'டிடி தமிழ்' என்று பெயர் மாறியது. அதனால் பட்டியலில் புதுப் பெயரில் பாருங்கள். இல்லையென்றால் பழைய பெயரிலும் ஒரு தடவை தேடுங்கள்.

ஒரே நம்பராகச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் முடியாது. நம்பர் கொடுப்பது சேனல்காரர் இல்லை, உங்கள் கேபிள் நிறுவனம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு நம்பர். ஆனால் 2017-இல் வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி சேனல்களை வகை வாரியாக, அதற்குள் மொழி வாரியாக அடுக்க வேண்டும். ஒரு சேனலுக்கு ஒரு நம்பர் கொடுத்தால் குறைந்தது ஒரு வருடம் அதை மாற்றவும் கூடாது. ஆகவே ரிமோட்டில் கைடு பட்டனை அழுத்தி, தமிழ்ப் பொழுதுபோக்கு சேனல்கள் வரிசையாக வரும் இடத்தில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் மற்ற டிடி சேனல்கள் இருக்கும் பக்கம் போய்ப் பாருங்கள்.

அப்படியும் இல்லையா? பாக்ஸ் மெனுவில் சேனல் சர்ச் கொடுத்து முழுப் பட்டியலையும் திரும்ப ஏற்றுங்கள். புது பாக்ஸில் பாதி நேரம் இதுதான் குறை. கிடைத்ததும் அந்தச் சேனலை ஃபேவரிட்டில் போட்டு, அம்மாவுக்கு எந்தப் பட்டன் என்று காட்டிக் கொடுங்கள். நம்பரைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. வயதானவர்கள் வீட்டில் பாக்ஸ் மாற்றினால் நான் முதலில் செய்வது இந்தத் தாள் ஒட்டும் வேலைதான்.

மதுரை வாசகர்: சார், டிடி சேனல்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? எங்கள் ஆபரேட்டர் பேக்கை மாற்றச் சொல்கிறார்.

வேண்டாம். டிடி இலவசச் சேனல். நீங்கள் கட்டுவது இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம். 2019 பிப்ரவரியில் புது கட்டண முறை வந்தபோது 130 ரூபாயும் வரியும் கட்டினால் 100 சேனல் என்று இருந்தது. அடுத்த வருடம் அதே பணத்துக்கு 200 சேனல் என்றாக்கினார்கள். கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய டிடி சேனல்களை அந்த 200-இல் கணக்கு வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிட்டதால் அடிப்படைக் கட்டணம் இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அது எவ்வளவாக இருந்தாலும் டிடிக்காகப் பெரிய பேக்குக்கு மாற வேண்டியதில்லை.

விருதுநகர் வாசகர்: "டிடி தமிழை யாரும் பார்ப்பதில்லை, எடுத்துவிட்டோம்" என்கிறார் எங்கள் கேபிள்காரர். அப்படி எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. 1995-ஆம் வருடக் கேபிள் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, அரசு அறிவித்த தூர்தர்ஷன் சேனல்களை வெட்டாமல், மாற்றாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. செட்டாப் பாக்ஸ் இல்லாத அனலாக் காலத்தில் சில இடங்களில் டிடியைப் புள்ளி புள்ளியாகத் தெரியும் கடைசி பேண்டில் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் 2000-இல் சட்டத்தைத் திருத்தி, படம் தெளிவாக வரும் 'பிரைம் பேண்டில்' கொடு என்று எழுத வேண்டி வந்தது. சென்னைக்கு 2012-இல் செட்டாப் பாக்ஸ் கெடு வந்தது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017-இல்தான் கிடைத்தது. பேண்ட் சண்டையெல்லாம் பாக்ஸ் வந்ததோடு முடிந்தது. சேனலைக் கொடுக்க வேண்டும் என்ற கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். இந்தச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பெற்றவர்களில் கலெக்டரும் ஒருவர். ஆபரேட்டரிடம் கோபமாகப் பேச வேண்டாம். கண்ட்ரோல் ரூமில் முடிவெடுப்பது பெரும்பாலும் அவர் இல்லை.

திருச்சி வாசகர்: இந்தியா ஆடும் மேட்ச் டிடியில் இலவசம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு டிஷ்ஷில் வருகிறது. என் கேபிளில் அதே டிடி சேனலில் வேறு ஏதோ ஓடுகிறது. கேபிள்காரர் ஏமாற்றுகிறாரா?

இல்லை சார், அவர் மேல் தப்பில்லை. இந்தக் கேள்விக்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை, அதனால் முழுதாகவே சொல்கிறேன்.

2007-இல் ஒரு சட்டம் வந்தது. நாட்டுக்கு முக்கியம் என்று அரசு அறிவிக்கும் விளையாட்டுகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் சேனல், டிடியை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். கேபிள் வசதி இல்லாத வீட்டிலும் ஏழை மனிதன் மேட்ச் பார்க்கட்டும் என்பது நோக்கம். விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 75 உரிமைக்காரருக்கு, 25 பிரசார் பாரதிக்கு என்று பங்கு. இன்னொரு பக்கம், டிடி சேனலைக் கேபிளில் கட்டாயம் காட்டு என்று மேலே சொன்ன 8-ஆவது பிரிவு சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? டிடிக்குக் கொடுத்த மேட்ச் கேபிள் வழியாக எல்லா வீட்டுக்கும் போய்விடும். பிறகு எவரும் விளையாட்டுச் சேனலுக்குப் பணம் கட்டமாட்டார்கள். உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்.

2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பகிர்ந்துகொண்ட அந்த ஒளிபரப்பு கோபுரத்திலிருந்து ஆன்டெனாவுக்கு வரும் டிடியின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான். கேபிளுக்கும் தனியார் டிஷ் சேவையான டிடிஹெச்சுக்கும் போகக் கூடாது. பக்கத்து வீட்டில் இருப்பது ஃப்ரீ டிஷ்ஷாக இருக்கும், அதனால்தான் அங்கே மேட்ச், உங்கள் வீட்டில் வேறு நிகழ்ச்சி. அதோடு, ஐபிஎல் அந்த முக்கிய விளையாட்டுப் பட்டியலிலேயே இல்லை. அதை டிடியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சென்னை வாசகி: எங்களுக்கு டிடி மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. மற்ற சேனல்கள் நன்றாக இருக்கின்றன.

கேபிளில் ஒரு அலைவரிசையில் ஒரு சேனல் வருவதில்லை, ஒரு கொத்தே வருகிறது. பட்டியலில் உள்ள மற்ற சேனல்களையும் ஓட்டிப் பாருங்கள். அவற்றில் சிலவும் உடைந்தால் அந்த அலைவரிசையில் சிக்னல் பலவீனம். பாக்ஸின் பின்னால் உள்ள பின்னைக் கழற்றிப் பாருங்கள், துரு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடி ஜாயிண்டில் தண்ணீர் இறங்குவது அடுத்த காரணம். டிடி மட்டும்தான் உடைகிறது என்றால் கோளாறு கண்ட்ரோல் ரூமில். ஆபரேட்டரிடம் அப்படியே சொல்லுங்கள், அவருக்கும் வேலை மிச்சம்.

ஒட்டன்சத்திரம் வாசகர்: மாடியில் அப்பா வைத்த அலுமினிய ஆன்டெனா இன்னும் நிற்கிறது. கேபிளை நிறுத்திவிட்டு அதை மாட்டினால் டிடி வருமா?

அந்த ஆன்டெனாவைக் கேட்டதும் மனது எங்கேயோ போய்விட்டது. கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து ஊரே ஆன்டெனா திருப்பிய காலம் அது. கடற்கரை ஊர்களில் பூஸ்டர் போட்டு இலங்கை ரூபவாஹினியையும் பிடிப்போம். ஆனால் பழைய அனலாக் கோபுரங்களில் ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாகப் பிரசார் பாரதி அறிவித்துவிட்டது. அதை நம்பிக் கேபிளை நிறுத்தாதீர்கள்.

மாதப் பணம் வேண்டாம் என்றால் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கியது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கினால் போதும். 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்த்து வைக்க வேண்டும். நம் ஊரிலிருந்து அது தென்கிழக்கில், நன்றாக மேலே. தென்னை மட்டை மறைக்காத இடமாகப் பாருங்கள். பெரிய தனியார் தமிழ்ச் சீரியல் சேனல்கள் வேண்டுமென்றால் மட்டும், வாங்கும் முன் ஃப்ரீ டிஷ் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: இத்தனை சேனல் இருக்கும்போது டிடி தமிழில் பார்க்க என்ன இருக்கிறது?

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னை நிலையம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைப் படம், கடிதங்களுக்குப் பதில் சொன்ன 'எதிரொலி', இவற்றுக்காக டிவி இருக்கும் வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. சரி, இன்றைக்கு வருகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நேரலையில் பார்க்க நான் டிடியைத்தான் வைப்பேன். திருவண்ணாமலைத் தீபமும் அப்படித்தான். மலைமேல் தீபம் ஏறும் நேரத்தில் நடுவில் விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விவசாய நிகழ்ச்சி, கர்நாடக இசை, மெதுவாகப் பேசும் செய்தி, இவை வேண்டுமென்றால் டிடிக்கு வாருங்கள். இரவு எட்டு மணிச் சீரியல் விறுவிறுப்பு வேண்டுமென்றால் அது வேறு இடம்.

பெங்களூரு வாசகி: இங்கே என் கேபிளில் டிடி தமிழைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன். போனில் பார்க்க வழி உண்டா?

உண்டு அக்கா. 2024 நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. டிடி சேனல்கள் அதில் நேரலையாக வருகின்றன. ஸ்மார்ட் டிவி என்றால் நேராக டிவியிலேயே ஏற்றிப் பாருங்கள். திருவண்ணாமலைத் தீபத்தன்று மட்டும் கடைசி நிமிடத்தில் திறக்காமல் அரை மணி முன்னாலேயே போட்டுவிடுங்கள்.