படப்பிடிப்பில் நடிகர் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒருவர் இறந்தால் பொறுப்பு யாருக்கு? நடிகருக்கா, துப்பாக்கியைக் கொடுத்தவருக்கா?

'ரஸ்ட்' என்ற அமெரிக்கப் படத்தின் படப்பிடிப்பில் நடந்ததைப் படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நண்பர்களோடு குறும்படம் எடுக்கக் கிளம்பியவராகவும் இருக்கலாம். சென்னையில் கலை இயக்குநர்களிடம் நீண்ட காலம் செட் பொருள்களைப் பார்த்துக்கொண்டவன் நான். தொலைபேசி, அரிவாள், மாலை, துப்பாக்கி எல்லாம் ஒரே இரும்புப் பெட்டியில் என் பொறுப்பில்தான் வரும். சட்டம் படிக்காதவன் தீர்ப்புச் சொல்கிறான் என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் வேலை தெரிந்தவனாகப் பேசுகிறேன், வக்கீலாக அல்ல.

என் பதில் இதுதான். கொடுப்பவனும் திறந்து பார்க்க வேண்டும், வாங்குபவனும் பார்க்க வேண்டும். அதற்கென்று விவரம் தெரிந்த ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்காத தயாரிப்பாளர் அந்த இருவருக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் நடந்த அந்த 'ரஸ்ட்' படப்பிடிப்பில்தான் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். இயக்குநர் ஜோயல் சூசா காயமடைந்தார். நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வரில் நிஜத் தோட்டா இருந்தது. ஆயுதப் பொறுப்பாளர் ஹன்னா குட்டியரஸ் ரீடுக்குப் பதினெட்டு மாதச் சிறை. துப்பாக்கியைச் சரியாகச் சோதிக்கவில்லை என்று உதவி இயக்குநரே ஒப்புக்கொண்டார். பால்ட்வின் மீதான வழக்கு 2024 ஜூலையில் தள்ளுபடியானது. அவர் குற்றமற்றவர் என்று ஜூரி சொல்லி அது முடியவில்லை. அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்ததால் நீதிபதி தள்ளுபடி செய்தார். இதை மறந்துவிட்டு 'நடிகருக்குச் சம்பந்தமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், நிஜத் தோட்டா அந்த இடத்துக்கு வந்ததே முதல் குற்றம். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

'நம் ஊரில் நிஜத் தோட்டாவே கிடையாது, பிளாங்க்தானே' என்பவர்களுக்காக இன்னொன்று சொல்கிறேன். பிளாங்கில் குண்டு இருக்காது, வெடிமருந்து இருக்கும். சுட்டால் நெருப்பும் சூடான வாயுவும் அடைப்புத் துணுக்கும் குழல் வழியாகப் பாயும். 1984-ல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டுக்கொண்டது பிளாங்க்தான். பிழைக்கவில்லை. 1993-ல் ஹாலிவுட் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்த விதம் இதைவிடக் கொடுமை. மருந்தை மட்டும் கொட்டிவிட்டுச் செய்த டம்மித் தோட்டா ஒன்றில், அடியிலிருக்கும் எரியூட்டி அப்படியே இருந்துவிட்டது. அது வெடித்து முனைக்குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு நிஜக் குண்டாகவே பாய்ந்தது. அதனால்தான் தோட்டா உருளையைத் திறந்து பார்ப்பதோடு நான் விடுவதில்லை. மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைக் குழலுக்குள் விட்டு, மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். 'காது குடைகிறாயா' என்று யூனிட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஒரு முறை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பங்களா ஒன்றில் இரவுப் படப்பிடிப்பு. வில்லன் ஓர் இளம் நடிகரின் கன்னத்தருகே ரிவால்வரை வைத்துச் சுட வேண்டும், நெருப்பு முகத்தில் தெறிக்க வேண்டும், பிளாங்க் போடு என்றார் இயக்குநர். முடியாது என்றேன். 'அண்ணா, ஒரே ஷாட்தானே, கால்ஷீட் முடிகிறது' என்று உதவி இயக்குநர்கள் கெஞ்சினார்கள். 'படம் எடுப்பது நீயா, நானா?' என்றார் இயக்குநர். வாதம் செய்து பயனில்லை என்று தெரிந்தது. சண்டைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு எல்லோரையும் பின்னால் நிறுத்தினேன். லைட்மேன்கள் வெளிச்சம் திருப்பப் பிடிக்கும் தெர்மோகோல் பலகை ஒன்றை மதில் சுவரில் சாய்த்து, ஒரு சாண் தள்ளி வைத்துச் சுட்டேன். வெள்ளை உருண்டைகள் பறந்தன. பலகையில் கையளவு ஓட்டை. விளிம்பெல்லாம் கருகி உருகி, பிசின்போல் சுருண்டிருந்தது. அந்த இளம் நடிகர் கிட்டே வந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலி ரிவால்வரை வைத்து எடுத்தோம். நெருப்பைக் கணினியில் சேர்த்தார்கள். திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த கட்டப் படப்பிடிப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பேட்டா பாக்கி இன்றுவரை வரவில்லை.

படம் எடுப்பவர்களுக்கு நான் எதிரி அல்ல. அந்த இயக்குநருக்கும் கொலை எண்ணம் கிடையாது, அவசரம்தான். இங்கே துப்பாக்கி என்றதும் 1967-ல் ராமாவரத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டதைச் சொல்ல ஆள் வருவார்கள். அது வீட்டில் நடந்த குற்றம். நான் பேசுவது வேலை செய்யும் இடத்தைப் பற்றி. ஆயுத பூஜையன்று டம்மி துப்பாக்கிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம், பூசணிக்காய் உடைப்போம். நானும் பக்தியோடுதான் செய்கிறேன். ஆனால் குழலைப் பார்க்க இரண்டு நிமிடம் கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? துப்பாக்கி மட்டுமல்ல. 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே கிரேன் சரிந்து உதவி இயக்குநர் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். சில நாள் எல்லோரும் பாதுகாப்பைப் பற்றிப் பேசினோம். அதன் பிறகும் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒயர் இழுக்கும் லைட்மேன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டால் மேனேஜர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

குறும்படம் எடுப்பவராக இருந்தால் பிளாங்க் பக்கமே போகாதீர்கள். ரப்பர் துப்பாக்கி போதும். தெருவில் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். பார்ப்பவர்களுக்கு ரப்பர் என்று தெரியாது. நெருப்பையும் புகையையும் கணினியில் சேர்த்துக் கொடுக்கச் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் திறமையான பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கூலியை மட்டும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.