பாபுல், சிகரெட் போல ஆபத்தில்லையா?

கல்லடியில் தரம் 10 படிக்கும் மகன், பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லும் பாபுலைப் போட்டுக்கொண்டு "புகை இல்லைதானே, வெறும் பாபுல்" என்கிறான், உண்மையா என்று ஒரு தாய் கேட்டிருந்தார்.

இல்லை அக்கா. புகைதான் இல்லை, புகையிலை உள்ளேதான் இருக்கிறது. அதன் நிக்கொட்டின் வாய்த்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்து அடிமையாக்கும். கூடவே வரும் பாக்கும் புற்றுநோய்க் காரணிதான். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது.

நம் பிள்ளைகள் சிகரெட்டைக் கெட்டது என்பார்கள். பாபுலை அப்படி நினைப்பதில்லை, அப்பம்மாவின் வெற்றிலைத் தட்டத்தோடு வளர்ந்தவர்கள்தானே! எனக்குக் கவலையே அதுதான்.

இன்றே அவனது மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, நெடுக்காக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால், அல்லது உறைப்புக் கறி பட்டதும் வாய் எரிந்தால், உட்தோல் இறுகத் தொடங்கியிருக்கலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அடிக்காதீர்கள்; அடித்தால் ஒளித்துப் போடுவான்.

21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எந்தக் கடையில் வாங்குகிறான் என்று விசாரித்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.