நிகழ்வெண்ணும் அதிர்வெண்ணும் ஒன்றுதானா?

புள்ளியியலில் 'நிகழ்வெண் 12', இயற்பியலில் 'அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்', ஆங்கிலத்தில் இரண்டுமே ஃப்ரீக்வென்ஸி, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். 'எத்தனை தடவை' என்ற கேள்வி பொது, எதற்குள் எண்ணுகிறோம் என்பதுதான் மாறுகிறது.

40 மாணவர்களில் 12 பேர் 60-70 மதிப்பெண் வாங்கினால் நிகழ்வெண் 12, வெறும் எண்ணிக்கை, அலகு கிடையாது. அதையே 40ஆல் வகுத்தால் 0.3, அது சார்பு நிகழ்வெண். மரபியலில் அல்லீலுக்கு (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களில் ஒன்று) சொல்லும் ஃப்ரீக்வென்ஸியும் இந்த மாதிரி விகிதம்தான், 1ஐத் தாண்டாது.

இயற்பியலில் நேரம் உள்ளே வந்துவிடும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 50 முழுச் சுற்று, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் திசை இரண்டு தடவை மாறுவதால் மாற்றம் 100 (இங்கேதான் பலர் மார்க்கை விடுவார்கள்). கால் மணிக்கு ஒரு பஸ் என்பதும் அதிர்வெண் கணக்குதான், சுமார் 0.0011 ஹெர்ட்ஸ், பஸ் ஸ்டாப்பில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், இலங்கைப் புத்தகம் கையில் கிடைத்தால் 'மீடிறன்' என்று இருக்கும், பயந்துவிடாதீர்கள், அதுவும் இதே ஃப்ரீக்வென்ஸிதான்.