மீனின் இதயத்தில் கஞ்சா ஏற்பிகளுக்கு என்ன வேலை?

கேள்வி: கஞ்சாவின் வேதிப்பொருள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மீன்களுக்கும் உண்டு என்கிறார்களே, அவை இதயத்தை என்ன செய்கின்றன?

பதில்: உண்டு. ஆனால் சிபி1, சிபி2 எனப்படும் இந்த ஏற்பிகள் கஞ்சாவுக்காக அமைந்தவை அல்ல. உடல் தானே உண்டாக்கும், 1992இல் இனங்காணப்பட்ட ஆனந்தமைடு போன்ற கொழுப்புப் பொருள்களை உணர்பவை. சிபி1 நரம்பு முனைகளில் கால்சியம் நுழைவதைக் குறைத்து, அங்கிருந்து வெளியாகும் நரம்புச் செய்திப் பொருளை மட்டுப்படுத்துகிறது. மீனின் இதயத்துக்கு வேகஸ் நரம்பு கடிவாளம் போன்றது. அட்ரீனலின் இதயத்தை முடுக்குகிறது. ஆகவே, எந்தப் பக்கம் மட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறலாம்.

இதை ஆராய ஸீப்ரா மீனின் கரு மிகவும் ஏற்றது. கருவுற்ற ஏறத்தாழ 24 மணி நேரத்தில் துடிக்கத் தொடங்கும் அதன் இதயத்தையும், பின்னர் ஓர் ஆரிக்கிளிலிருந்து ஒரே வென்ட்ரிக்கிளுக்குச் செல்லும் சிவப்பணுக்களையும், உடலைக் கீறாமலே நுண்ணோக்கியில் காணலாம். கஞ்சாவில் போதை தரும் முதன்மை வேதிப்பொருளான டிஎச்சி மிகுந்த அளவில் கலந்த நீரில் வைக்கப்பட்ட கருக்களின் துடிப்பு குறைந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதரிடத்திலோ கஞ்சா புகைத்தவுடன் துடிப்பு பொதுவாகக் கூடுகிறது! எனவே மீனில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது தவறு.

துடிப்பு குறைந்தது என்பதே ஏற்பியின் வேலைக்குச் சான்றாகிவிடாது. பொதுவான நச்சு விளைவாகவும் அது இருக்கலாம். ஏற்பியை அடைக்கும் மருந்தைச் சேர்த்தாலோ, அதற்குரிய மரபணுவை நீக்கினாலோ அந்த மாற்றம் மறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளையே நான் பெரிதும் நம்புவேன்.