மாமா சொல்லும் மெடிசினும் மகள் பேசும் வெல்ஷும்

வேல்ஸ் தலைநகர் கார்டிஃபிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கணவர் அங்கே மருத்துவமனையில் டாக்டர். மகளுக்கு 16 வயது. நம்ம ஊர் பத்தாம் வகுப்பு மாதிரியான ஜிசிஎஸ்இ முடிந்து, பிளஸ் டூ மாதிரியான ஏ லெவலுக்குப் பாடங்களை எழுதிக் கொடுக்க வேண்டிய நேரம். மெடிசினில் சேர வேண்டும் என்று கெமிஸ்ட்ரி, பயாலஜி போட்டு அப்பா நிரப்பிவைத்த ஃபாரத்தை அவள் கிழித்துப் போட்டுவிட்டாளாம். டிராமாவும் வேல்ஸ் மொழியான வெல்ஷும்தான் வேண்டுமாம். "வீட்டுக்குப் பக்கம்னு வெல்ஷ் மீடியத்துல போட்டியே, அதோட பலன் இதுதான்னு லண்டன்ல இருக்கிற எங்க அண்ணன் திட்டுறார் சார்" என்று அழுதார்.

ஐந்து நிமிடம் சமாதானம் சொன்னேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். உங்கள் அண்ணன் சொல்வது தப்பு. அதை அவரிடம் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள்.

மெடிசினைப் பற்றி நான் விளக்க வேண்டாம், வீட்டிலேயே டாக்டர் இருக்கிறார். ஒன்றே ஒன்று: ஐந்து வருடம், வருடத்துக்கு 9,500 பவுண்டுக்கு மேல் கட்டணம். மனசில்லாத பிள்ளை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தால் கடன் அவள் பேரில் நிற்கும், மாமா பேரில் அல்ல.

டைட்டானிக் படம் பார்த்திருப்பீர்கள். கடைசியில் டார்ச் அடித்துக்கொண்டு ஒரு படகு திரும்பி வரும், ரோஸ் விசில் ஊதுவாள். படகில் நின்று "உயிரோடு யாராவது இருக்கிறீர்களா" என்று கூப்பிடுகிற அதிகாரி லோ நிஜத்தில் வேல்ஸ்காரர். அவராக நடித்த யோவன் கிரிஃபித்தும் வேல்ஸ்காரர், உங்கள் ஊரில் வளர்ந்தவர். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். படித்தது கார்டிஃபின் கிளான்டாஃப் வெல்ஷ் மீடியம் பள்ளி. 1987இல், 13 வயதில், 'போபல் அ கும்' என்ற வெல்ஷ் தொடரில் நடிக்க வந்துவிட்டார். லண்டன் ராடா நாடகப் பள்ளிக்குப் போனது 18 வயதில். அதாவது ராடா அவரை நடிகராக்கவில்லை. கேமரா பழகிய பையனாகத்தான் அங்கே நுழைந்தார். 1998இலிருந்து ஹார்ன்புளோவர் டிவி படங்கள், 2005இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர். நடுவில் 1999இல் 'சாலமன் அண்ட் கேனர்'. அதை ஆங்கிலத்தில் ஒரு தடவை, வெல்ஷில் ஒரு தடவை என்று இரண்டு முறை எடுத்தார்கள். ஆஸ்கரில் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவுக்குப் பரிந்துரையானது வெல்ஷ் படம்.

நான் சொல்ல வந்த வழி இதுதான். லண்டன் நாடகப் பள்ளி வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வெல்ஷ் மொழி நடிப்பு என்று ஒன்று இருப்பது நம்மவர்கள் கண்ணில் படுவதே இல்லை. 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 5,38,000 பேர். ஆனால் அந்த மொழிக்கென்று எஸ்4சி சேனல் 1982இலிருந்து இருக்கிறது. 'போபல் அ கும்' 1974இலிருந்து ஓடுகிறது, படப்பிடிப்பு கார்டிஃப் பே பகுதியில். 'அ குய்ல்' என்ற துப்பறியும் தொடரில் ஒரு காட்சியை வெல்ஷில் எடுத்துவிட்டு, அதே செட்டில் அதே ஆட்களை வைத்து ஆங்கிலத்திலும் எடுத்தார்கள். இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவருக்குத்தான் அங்கே வசதி. கார்ட்டூன் டப்பிங், சிறுவர் நிகழ்ச்சி, பள்ளிக்கூட நாடகம் என்று சின்னச் சின்ன வேலைகள் வேறு. வாடகை கட்டுவது பெரும்பாலும் இவைதான். போட்டிக்கு வருகிற கூட்டமும் குறைவு. வீட்டில் தமிழ், வெளியில் வெல்ஷ், ஆங்கிலம் என்று பேசுகிற பெண் அந்த ஆடிஷனில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

முதல் படி உர்த் ஐஸ்டெட்வோட். வருடா வருடம் வெவ்வேறு ஊரில் நடக்கிற இளைஞர் கலைவிழா. உள்ளூர்ச் சுற்றில் தொடங்கிப் படிப்படியாக மேலே போக வேண்டும். மனப்பாடமாகச் சொல்லும் போட்டியே உண்டு. திருக்குறள் ஒப்பித்த வீட்டுப் பிள்ளைக்கு இது புதுசா? 16 வயதாகிவிட்டதால் வேல்ஸ் தேசிய இளைஞர் நாடகக் குழுவின் தேர்வுக்கும் போகலாம். பிறகு பட்டப்படிப்பை வெல்ஷ் வழியில் படித்தால் வெல்ஷ் வழி உயர்கல்விக்கான அமைப்பான 'கோலெக் கம்ராயிக்' தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

பணத்தில் மட்டும் நான் கறார். லண்டனில் ஒரு வாரத்தில் நடிகையாக்குகிறோம் என்கிற கோடைக்கால கோர்ஸுக்கு ஒரு பவுண்டு கூடக் கட்டாதீர்கள். ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்த பிறகு கமிஷன் எடுப்பார். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாரும் யோவன் ஆகிவிட மாட்டார்கள், அதையும் அவளிடம் மறைக்காதீர்கள். மாதக்கணக்கில் சும்மா இருக்க வேண்டி வரும்.

"வெல்ஷ்ல போன் பேசும்போது வேற யாரோ மாதிரி இருக்கா சார், எனக்கு ஒரு வார்த்தை புரியாது" என்றார் அந்த அம்மா. சரி, இன்று ராத்திரி அவளை ஒரு கவிதை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை. கேட்ட பிறகு பள்ளியிலிருந்து புது ஃபாரம் வாங்கி, பேனாவை அவள் கையில் கொடுங்கள்.