பாப்பாவின் கேக்கும் அண்ணாச்சியின் கல்லாவும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த பாப்பா அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்க, சனிக்கிழமை நீங்களும் மதினியும் அவளும் என்னிடம் வந்துபோன பிறகு, இரவு ஒன்பதரை மணிக்கு நீங்கள் மட்டும் தனியாக அழைத்தீர்கள். கடையை அடைத்துவிட்டு ஷட்டர் முன்னால் நின்றே பேசுகிறீர்கள் என்பது பின்னால் கேட்ட பஸ் சத்தத்தில் தெரிந்தது. “அவள் முன்னால் கேட்க முடியவில்லை. கேக் செய்து ஒரு பிள்ளை பிழைக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்” என்றீர்கள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். பாப்பா இதைப் படித்தாலும் பரவாயில்லை. அவளுக்குத் தெரியக்கூடாத எதையும் நான் எழுதப் போவதில்லை.

உங்கள் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அருப்புக்கோட்டையில் பருப்பும் புளியும் விற்று ஒரு குடும்பத்தை நிமிர்த்தியவர் கேட்கிற கேள்வியா இது என்று சொன்னேன். “இந்தப் பாடு அவளுக்கு வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்” என்றீர்கள். அதன் பிறகு எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. விடியற்காலையில் கடை திறப்பவருக்கு, சொந்தத் தங்கை மகள் கல்யாணத்திலும் முகூர்த்தம் முடிந்ததும் ஓடி வருகிறவருக்கு, தொழில் என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. “மனசுக்குப் பிடித்ததைச் செய்” என்று மேடையில் முழங்குகிற பலர் ஒருநாள்கூடக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் இல்லை. உங்கள் பயத்துக்கு அனுபவம் இருக்கிறது. அதனால் அதை மதித்தே பேசுகிறேன்.

நீங்களும் மதினியும் வெளியே காப்பி குடிக்கப் போயிருந்தபோது பாப்பா ஒரு நோட்டைக் காட்டினாள். பிளஸ் டூ தேர்வு முடிந்த நாளிலிருந்து செய்த கேக்குகளின் கணக்கு. மாதம் பன்னிரண்டு ஆர்டர், எல்லாமே ஒரு கிலோ, விலை 800 ரூபாய். கிரீம், சாக்லேட், வெண்ணெய், முட்டை, செர்ரி எல்லாம் சேர்த்துச் செலவு 300. மீதி 500. பன்னிரண்டு கேக்குக்கு 6,000 ரூபாய் லாபம் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாள். உங்களிடமும் இதே எண்ணைத்தான் சொல்லியிருப்பாள்.

நான் கேட்ட முதல் கேள்வி: “மைதா, சர்க்கரை, எண்ணெய் எங்கே?”

“அது நம்ம கடையிலிருந்து எடுத்துக்கொள்வேன்.”

அண்ணாச்சி, உங்கள் மகள் வியாபாரத்தில் முதலீட்டாளர் யாரென்று புரிகிறதா? இருவரும் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டோம். கடைச் சரக்கு 50. அட்டைப் பெட்டி, அடியில் வைக்கும் தட்டு, மெழுகுவர்த்தி 45. ஓவனுக்கு ஆகும் கரண்ட் 35. தம்பியின் ஸ்கூட்டர் பெட்ரோல் 40. உடைந்தது, கருகியது, கிரீம் இளகித் திருப்பி அடித்தது என்று பார்த்தால் கேக்குக்கு 30. எல்லாம் சேர்த்தால் செலவு 500, கையில் நிற்பது 300. அடுத்து நேரம். கிரீம் அடிப்பது, அலங்காரம் மட்டுமே அவள் கணக்கில் இருந்தது. ஆர்டர் கொடுப்பவரோடு நிறம் பற்றிப் பேசுவது, பொருள் வாங்கப் போவது, பாத்திரம் கழுவுவது எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கேக்குக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய்.

அவள் முகம் வாடிவிட்டது. நான் நிறுத்தவில்லை. மாதம் 20,000 சம்பாதிக்க வேண்டுமென்றால் இந்த முறையில் 67 கேக். 335 மணி நேரம். ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதையும் பார்க்காமல் தினமும் பதினொரு மணி நேரம் நிற்க வேண்டும். வீட்டு ஓவனில், மதினி குழம்பு வைக்கிற அதே அடுப்படியில்.

இதைச் சொல்லி அவளைக் கலைத்துவிட நான் நினைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கவே விரும்பினேன். சற்று நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவள், “ஒரே நாளில் நான்கு ஆர்டர் வாங்கினால் பாத்திரம் ஒரு தடவை கழுவினால் போதும், மாவும் ஒரே தடவை கலக்கலாம். ஒரு கேக்குக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. சனி, ஞாயிறு மட்டும்தான் டெலிவரி என்று சொல்லிவிடட்டுமா?” என்றாள். அண்ணாச்சி, எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். அவள் கொண்டுவந்த கேக் நன்றாகவே இருந்தது. ஆனால் நன்றாகக் கேக் செய்கிற பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். நஷ்டக் கணக்கைக் காட்டினால் அழாமல் கணக்கையே திருத்துகிற பிள்ளைகள் குறைவு.

கவலைப்பட வேண்டிய ஒன்றும் கண்ணில் பட்டது. “ஊதாவும் மஞ்சளும் கலந்து கேட்கிறார்கள், அசிங்கமாக இருக்கும்” என்று ஒரு வாடிக்கையாளரைப் பற்றி முகம் சுளித்தாள். ஆசையாகச் செய்யும்போது நம் ருசிக்குச் செய்கிறோம். காசு வாங்கியதும் அடுத்தவர் ருசிக்குச் செய்ய வேண்டும். பலருக்கு இந்த இடத்தில்தான் ஆசை வற்றிப்போகிறது. அவளுக்குத் தலச்சேரிக் கதை ஒன்றைச் சொன்னேன். அங்கே மாம்பள்ளி பாபு என்பவர் 1880-ல் பிஸ்கட் தொழிற்சாலை ஆரம்பித்தார். பர்மாவில் தொழில் கற்று வந்தவர். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளித் துரை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கைக் கொடுத்து, இதுபோல ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பாபு அதுவரை கேக் செய்ததில்லை. கொல்லரிடம் சொல்லி அச்சு அடித்து, அந்தக் கிறிஸ்துமஸுக்குச் செய்து கொடுத்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இன்றும் சொல்கிறார்கள். கேக் ஆசையில் கடை வைத்தவர் இல்லை அவர். பிஸ்கட் வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது, எதிரே நின்றவர் கேட்டார், செய்தார். ஊதா-மஞ்சள் கேக்கையும் அப்படி நினைத்துக்கொள் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினாள்.

உங்கள் ஊர் பேக்கரிகளை நீங்களே பார்க்கிறீர்கள். கண்ணாடிப் பெட்டியில் கிரீம் கேக் இருக்கும், ஆனால் நாள்தோறும் கல்லாவை நிரப்புவது டீயும் பப்ஸும் பன்னும். கிரீம் கேக் மே மாத வெயிலில் மதுரைக்குப் பஸ் ஏறுவதற்குள் உருகிவிடும். அவள் சந்தை நான்கு தெருவைத் தாண்டாது. தூத்துக்குடி மக்ரூனை யோசித்துப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். ஈரக்காற்று படாமல் கட்டினால் எந்த ஊருக்கும் பார்சலில் போகும். கேக்கை விட்டுவிடு என்று அவளிடம் சொல்லவில்லை. தாங்குகிற சரக்கு இரண்டு கற்றுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். மொறுமொறு ரஸ்க், பிஸ்கட், எதுவானாலும் சரி.

மதினி ஒன்று கேட்டார்கள்: “நாளைக்குக் கல்யாணம் ஆகி வெளியூர் போனால் அடுப்பையா தூக்கிக்கொண்டு போவாள்?” மகனாக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் கேள்வியில் விஷயம் இருக்கிறது. நான்கு தெரு வாடிக்கையாளர்கள் கூட வரமாட்டார்கள். கைத்தொழிலும் பட்டமும் வரும். அதனால் பட்டத்தை விட்டுவிட்டு இப்போதே முழுநேரம் இறங்குகிறேன் என்று பாப்பா சொல்வதை நான் ஏற்கவில்லை. இதில் உங்கள் கட்சி.

ஆனால் சி.ஏ. என்னும் பட்டயக் கணக்காளர் படிப்பு விஷயத்தில் உங்கள் கட்சி இல்லை. கணக்குப் பதிவியலில் நல்ல மார்க் எடுத்தாள் என்பதற்காக இந்த மாதமே அதன் முதல் கட்டமான பவுண்டேஷன் வகுப்பில் பணம் கட்டத் துடிக்கிறீர்கள். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பிறகு இன்டர்மீடியட், ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி, பைனல். மனம் ஒட்டாத பிள்ளையை அதில் தள்ளினால் ஐந்தாறு வருடம் கரைந்துவிடும். அந்தக் கதவு இப்போதே மூடிவிடுவதும் இல்லை. பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் பவுண்டேஷன் எழுதாமலே நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். ஆகவே பி.காம். சேருங்கள். அருப்புக்கோட்டையிலேயே, வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில். இருவருக்கும் பொதுவான ஒரே இடம் அதுதான்.

வேறு படிப்பு இருக்கிறதா என்று கேட்டீர்கள். தஞ்சாவூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். வணிகவியல் படித்தவளுக்கு அது இல்லை. சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகள் உள்ளன. எந்தப் பிரிவு படித்தவரும் சேரலாம். ஆனால் அது பேக்கரிப் படிப்பு என்று நினைத்து அனுப்பாதீர்கள். சமையலோடு வரவேற்பு, அறைப் பராமரிப்பு, பரிமாறுதல் எல்லாம் சேர்ந்தது. தொழில் மட்டும் கற்க வேண்டுமானால் ஐ.டி.ஐ.யில் பேக்கரி, மிட்டாய்த் தயாரிப்புக்கென்றே ஓராண்டுப் பிரிவு உண்டு. பட்டம் முடித்துவிட்டும் அதில் சேரலாம்.

இடையில் என் கதை ஒன்று. எனக்குச் சிறுவயதில் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஆக வேண்டுமென்று வெறி. கடைப் பெயர்ப் பலகைகளை வாய்பிளந்து பார்ப்பேன். அம்மா பிரஷ்ஷைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார். பிற்பாடு பிளெக்ஸ் வந்தது, எங்கள் தெரு ஆர்ட்டிஸ்ட் தொழிலே போய் வாட்ச்மேன் ஆனார். அம்மா சொன்னது பலித்துவிட்டதே என்று உறவினர் எல்லாரும் மெச்சினார்கள். அம்மாவுக்கும் பிளெக்ஸ் வரும் என்று தெரியாது, அண்ணாச்சி. அவர் தட்டச்சுப் படிக்கச் சொன்னார். அதுவும் போய்விட்டது.

இனி செய்ய வேண்டியவை. உங்கள் மைத்துனர் கடன் வாங்கிப் பெரிய ஓவன் போடலாம் என்கிறாராம். வேண்டாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் விதியில் பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம் இருப்பது உண்மை. அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும். மாதம் பன்னிரண்டு கேக் விற்கிறவளுக்குத் தவணை என்னும் பாரம் இப்போது எதற்கு? ஆர்டர் குவிந்து வீட்டு ஓவன் திணறட்டும். அன்று விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், அப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் உடனே எடுக்க வேண்டும். உங்கள் கடையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அதேதான். வீட்டில் செய்து விற்றாலும் கட்டாயம். கட்டி விற்கும் சரக்கில் முட்டை சேர்ந்தால் சைவத்துக்கான பச்சை வட்டம் போடக்கூடாது, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம்தான். இது பாப்பாவுக்குத் தெரியவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் மீதமிருக்கும் நாளில் தெரிந்தவர் பேக்கரி ஒன்றில் பட்டறைப் பக்கம் அவளை நிற்கவிடுங்கள். விடியற்காலை மாவு பிசைவதிலிருந்து தட்டு கழுவுவது வரை. இருபது நாள் போதும். அதன் பிறகும் அவளுக்கு இந்தத் தொழில் பிடித்திருந்தால் என்னிடம் வந்து கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. பிடிக்காமல் போனாலும் தோல்வி என்று யாரும் வீட்டில் பேசாதீர்கள். வீட்டுப் பிறந்தநாள்களுக்குக் கேக் செய்துகொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்கும் போகலாம். எல்லா ஆசைக்கும் விலைச்சீட்டு ஒட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் ஆண்டு முடியும் வரை சனி, ஞாயிறு மட்டும் ஆர்டர். கல்லூரித் தேர்வு மாதங்களில் அதுவும் கிடையாது. அவள் பெயரில் தனி வங்கிக் கணக்கு. அந்த மே மாதம் மூவரும் நோட்டோடு என்னிடம் வாருங்கள். வேலை நேரத்தையும் சேர்த்துக் கணக்கு மணிக்கு 150 ரூபாயைத் தொட்டிருந்தால் கடை பற்றிப் பேசுவோம். தொடவில்லை என்றால் சி.ஏ. பற்றியோ வங்கித் தேர்வு பற்றியோ பேசுவோம். இந்த எண்ணைப் பாப்பாவே தேர்ந்தெடுத்தாள். நான் நூறு என்றுதான் சொன்னேன்.

கடைசியாக ஒரு வேலை உங்களுக்கு. கணக்குப் பதிவியலில் மார்க் வாங்கிய பிள்ளைக்கு, சரக்கு எப்போது வாங்குவது, யாருக்குக் கடன் கொடுக்கக்கூடாது, எலி தின்ற மூட்டையை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் தெரியாது. சொல்லித்தரக்கூடியவர் வீட்டிலேயே இருக்கிறார், இதுவரை சொல்லித்தரவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளைக் கல்லாவில் உட்கார வையுங்கள். திங்கட்கிழமை முதல் மைதாவும் சர்க்கரையும் சும்மா கொடுக்காதீர்கள். பற்று நோட்டில் பாப்பா பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மற்ற வாடிக்கையாளருக்குப் போடுகிற விலையையே போட்டு, மாதம் ஐந்தாம் தேதி கறாராக வசூல் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
ஆலோசகர், மதுரை