தரையிறங்கும்போது ஏன் என் வீரன் உறைந்து நிற்கிறான்?

சண்டை விளையாட்டுகளில் அந்தரத்தில் அடித்துக்கொண்டே தரையைத் தொட்டால், உங்கள் வீரன் சற்று நேரம் அசைய மாட்டான். இதுவே தரையிறங்கும் தாமதம். குதித்து அடிப்பது வலிமையான உத்தி. அதற்கு விலை இல்லாவிட்டால் எல்லோரும் குதித்துக்கொண்டேதான் இருப்பார்கள். எதிராளிக்குத் திருப்பி அடிக்க ஒரு வாய்ப்பு தருவதற்காகவே இந்தத் தாமதம்.

2001இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ இதைக் குறைக்க வழி தருகிறது. திரையில் ஒரு நொடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 படங்களுக்குள் கேடயப் பொத்தானை அழுத்தினால் தாமதம் பாதியாகும். அதில் வரும் ஃபாக்ஸ் என்ற வீரன் கீழ்நோக்கி உதைக்கும் அடிக்கு 18 படங்கள் என்பது 9 ஆகிவிடும். கேட்கச் சிறிது, ஆனால் எதிராளியின் பிடியில் சிக்குவதும் தப்புவதும் அந்த இடைவெளியில்தான் முடிவாகிறது.

மதிலிலிருந்து குதிப்பவர் கால் தரையில் படுமுன்பே முழங்காலை மடக்கத் தயாராகிறார். விழுந்த பிறகு மடக்கிப் பயனில்லை. இதுவும் அப்படித்தான்.

தொடக்கத்தில் பலரைத் தடுமாற வைப்பது வேறொன்று: அடி எதிராளியின் மீதோ கேடயத்தின் மீதோ பட்டால் இருவரும் கணநேரம் நின்றுவிடுவதால், தரையைத் தொடும் நேரமும் தள்ளிப்போகிறது. ஆகவே அடி படும்போதும் படாதபோதும் தனித்தனியாகப் பழகுங்கள்.

பலர் நினைப்பதுபோல இது அடியின் வேகத்தையோ வலிமையையோ கூட்டுவதில்லை. இறங்கிய பிறகான காத்திருப்பை மட்டுமே குறைக்கிறது.